‘எதிலும் ஆர்வமில்லை’ என்று எழுதப்பட்ட குழந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்களிடம் அனுப்பப்பட்டபோது அந்தக் குழந்தையின் கோப்பில் முக்கியமாக மூன்று விஷயங்கள் எழுதியிருந்தன. குறைமாதத்தில் பிறந்தவள். இரு கண்களிலும் விழித்திரை விலகிவிட்டது. பொம்மை, மனிதர்கள் என்று எதிலும் ஆர்வமில்லை. முதல் இரண்டும் சோதித்துச் சொன்னவை. மூன்றாவது, பார்வையுள்ள குழந்தையிடம் நாம் பார்த்துப் பழகிய அறிகுறிகள் இவளிடம் காணவில்லை என்பதால் எழுதியது. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த மூன்றாவதைப் பற்றியது. பார்வையில்லாத கைக்குழந்தைகளோடு வேலை செய்கிற எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. முதல் இரண்டு வருடங்களில் இந்தக் குழந்தைகள் இழப்பதில் பெரும்பகுதி, கண் தெரியாததால் நேராகப் போவதில்லை. அவர்கள் காட்டும் ஆர்வம் நம் கண்ணில் படாததால் போகிறது.

குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

27 வாரத்தில் பிறந்தாள். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பல வாரங்கள் ஆக்சிஜன் உதவியில் இருந்தாள். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல வளர்ந்து, நிறைமாதத்தை ஒட்டித்தான் முழுமையடையும். முன்கூட்டியே பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி பாதியில் நின்றுபோகும். பிறகு தாறுமாறாகப் புதுக் குழாய்கள் கிளம்பி, சில குழந்தைகளுக்கு விழித்திரையையே இழுத்துக் கழற்றிவிடும். இதுதான் குறைமாத விழித்திரை நோய். 1940களில் மருத்துவ உலகம் இதை முதலில் விவரித்தது. அளவுக்கு மீறிய ஆக்சிஜன் இதைத் தூண்டுகிறது என்பது 1950களில் தெளிவானது. பிறந்த சில வாரங்களிலேயே கண்ணைச் சோதிக்கத் தொடங்கி, உரிய நேரத்தில் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்ற முடிகிறது. இவளுக்கு அந்த முதல் பரிசோதனை தாமதமாகிவிட்டது. கண்டுபிடித்தபோது நோய் ஐந்தாம் நிலையில், அதாவது விழித்திரை முழுவதும் விலகிய நிலையில் இருந்தது. வலது கண்ணில் பார்வை அறவே இல்லை. இடது கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

எங்களிடம் வந்தபோது பிறந்து 10 மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் முன்னதாகப் பிறந்ததால் திருத்திய வயது 7 மாதம். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை முதல் இரண்டு ஆண்டுகளாவது இந்தத் திருத்திய வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடுவோம். இனி நான் சொல்லும் வயதெல்லாம் திருத்திய வயதே.

வீட்டில் அம்மா, அப்பா, அப்பாவைப் பெற்ற பாட்டி. முதல் குழந்தை. மூவருமே அவள்மேல் உயிரை வைத்திருந்தார்கள். அவள் தனியாக இருட்டில் கிடக்கிறாள் என்ற எண்ணம் மூவரையும் வாட்டியது. அதனால் பகல் முழுவதும் யாராவது ஒருவர் மடியில் வைத்திருந்தார்கள். ‘பேச்சுத் துணைக்கு’ என்று டிவி காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் மதிப்பீட்டில் கண்டது

தரையில் விரித்த பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கைகளும் தோள் உயரத்தில் மடங்கி, விரல்கள் மூடியிருந்தன. இந்தக் கைநிலையைப் பார்வையில்லாத கைக்குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கலாம். பார்வையுள்ள குழந்தை மூன்று நான்கு மாதத்தில் தன் கைகளையே வேடிக்கை பார்க்கிறது, நெஞ்சுக்கு நேராக இரண்டையும் சேர்க்கிறது, ஒன்றால் மற்றதைப் பிடிக்கிறது. கண்தான் அந்தக் கைகளை ஒன்று சேர்க்கிறது. கண் இல்லாதபோது இரண்டு கைகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே கிடக்கும்.

அம்மா உள்ளே வந்து அவளைக் கூப்பிட்டார். குழந்தை அதுவரை காலை உதைத்துக்கொண்டிருந்தாள். குரல் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை, தலை குரலின் பக்கம் திரும்பவில்லை. அம்மா என்னைப் பார்த்து, “எப்பவுமே இப்படித்தான். நான் வந்தா அடங்கிப்போயிடுவா. என்னைப் பிடிக்கலையோன்னு தோணும்” என்றார்.

கைகளைப் பாருங்கள் என்று சொன்னேன். அம்மா மறுபடியும் கூப்பிட்டார். மூடியிருந்த வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கட்டைவிரல் வெளியே வந்தது. கால்விரல்களும் விரிந்து மடங்கின. அம்மா பேச்சை நிறுத்தியதும் விரல்கள் கொஞ்ச நேரம் விரிந்தபடியே காத்திருந்தன, பிறகு மெல்ல மூடின. நான் கூப்பிட்டபோது உடம்பு அசையாமல் நின்றது, விரல்கள் விரியவில்லை. தாயின் குரலும் அந்நியக் குரலும் அவளுக்கு ஒன்றல்ல. அது அவள் கையில் எழுதியிருந்தது. எல்லாரும் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அசையாமல் போவது, கவனித்துக் கேட்பது. தன் உடம்பின் சத்தத்தைக்கூட அடக்கிக்கொண்டு கேட்கிறாள். தலையைத் திருப்பினால் காதுகளின் திசை மாறிவிடும், அதனாலும் அசையாமல் இருக்கலாம். இதை ‘மந்தம்’ என்று படித்துவிட்டால், பெரியவர்கள் மெல்லப் பேச்சைக் குறைத்துவிடுவார்கள். பதில் வராத இடத்தில் யாரும் அதிக நேரம் பேசிக்கொண்டிருப்பதில்லை.

செல்மா ஃப்ரைபெர்க் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் 1960களிலும் 70களிலும் பிறவியிலேயே பார்வையில்லாத பத்துக் குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே போய்த் தொடர்ந்து கவனித்தார். முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள் என்ற பாடம் எங்கள் துறைக்கு அவரிடமிருந்து வந்தது. அவர் பதிவு செய்த இன்னொரு விஷயம் இந்தக் குழந்தையின் திட்டம் முழுவதற்கும் அடிப்படை. உட்காருவது, நிற்பது போன்ற நிலைகள் ஏறக்குறைய உரிய வயதிலேயே வந்துவிடுகின்றன. இடம் விட்டு இடம் போவதுதான் பிந்துகிறது. அவர் கவனித்த குழந்தைகள் தவழத் தொடங்கியது சராசரியாகச் சுமார் 13 மாதத்தில், தனியாக நடந்தது சுமார் 19 மாதத்தில். தசை தயாராக இருந்தது. போவதற்குத்தான் ஒரு காரணம் தேவைப்பட்டது. பார்வையுள்ள குழந்தைக்கு எதிரே கிடக்கும் பந்தே காரணம். பார்வையில்லாத குழந்தைக்குக் கைக்கு எட்டாத பொருள் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சத்தம் வருகிறதே, அது போதாதா என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். போதாது. முதல் வருடத்தின் பிற்பகுதிவரை, கேட்கும் சத்தத்துக்குப் பின்னால் தொட்டுப் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது என்ற அறிவு பார்வையில்லாத குழந்தைக்குப் பொதுவாக வருவதில்லை. பார்வையுள்ள குழந்தைக்குக் கண் முன்கூட்டியே உதவிவிடுகிறது. இதை அன்றே சோதித்தோம். ஒரு சிறிய மணியை அவள் கையில் கொடுத்தோம். ஒரு கையால் பிடித்து ஆட்டினாள், வாயில் வைத்தாள், உற்சாகமாக உதைத்தாள். மெல்ல வாங்கி, கைக்கு ஒரு சாண் தூரத்தில் ஆட்டினேன். உடம்பு நின்றது. கை நீளவில்லை. ஆனால் இருந்த இடத்திலேயே விரல்கள் எதையோ பிடிப்பதுபோல் மூடித் திறந்தன. மணியின் நினைவு கையில் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

‘ஆர்வமில்லை’ என்ற வரியின் பக்கத்தில் அன்று நான் எழுதியது: ஆர்வம் இருக்கிறது, இலக்கு இல்லை.

முதலில் வீட்டில் மாற்றியவை

டிவியை அணைப்பதுதான் முதல் வேலை. நிற்காமல் ஓடும் சத்தத்தில் கதவு திறப்பது, காலடி, தண்ணீர் விழுவது எல்லாம் மூழ்கிப்போகும். காதை வைத்தே உலகத்தைப் பிரித்தறிய வேண்டிய குழந்தைக்கு அது மூடுபனி. பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது, குழந்தை பயப்படும் என்றார். ஆனால் அவள் பாட்டியின் காலடிச் சத்தத்துக்கும் அப்பாவின் காலடிச் சத்தத்துக்கும் வேறு வேறு விதமாக விரல்களை அசைக்கத் தொடங்கியதும், ரிமோட்டை எடுத்து உள்ளே வைத்தது பாட்டிதான்.

அப்புறம், தூக்குவதற்கு முன் சொல்வது. எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு கை வந்து உடம்பை அந்தரத்தில் தூக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? அவளுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை அது நடந்துகொண்டிருந்தது. வருகிறவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும், தோளைத் தொட வேண்டும், “தூக்கப் போறேன்” என்று சொல்ல வேண்டும், ஒரு கணம் பொறுக்க வேண்டும். அப்பா வந்தால் தன் கைக்கடிகாரத்தை அவள் விரலில் தொட வைப்பார். அம்மா தன் பின்னலை. சில வாரங்களில், கடிகாரத்தைத் தொட்டதுமே தூக்கச் சொல்லி உடம்பை நெளிக்க ஆரம்பித்தாள்.

நாளின் நிகழ்வுகளுக்கும் ஒவ்வொரு பொருளை வைத்தோம். குளிக்கும் முன் ஸ்பாஞ்சு, சாப்பிடும் முன் கரண்டி, வெளியே போகும் முன் அவள் காலணி. பார்வையுள்ள குழந்தை அடுத்து நடக்கப்போவதைப் பார்த்தே ஊகிக்கிறது. இவளுக்கு அது கையில் வர வேண்டும். எப்போதும் அதே பொருள், அதே வரிசை. மாற்றினால் அர்த்தம் கலைந்துவிடும்.

குப்புறப் படுக்க வைத்தால் கதறினாள். இதுவும் புரிந்துகொள்ளக்கூடியதே. தலையைத் தூக்கிப் பிடிப்பது கடினமான உழைப்பு. பார்வையுள்ள குழந்தைக்கு அதற்குக் கூலியாகப் புதிய காட்சி கிடைக்கிறது. இவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கழுத்தும் தோளும் கையும் பலப்படாமல் தவழ முடியாது. பிசியோதெரபிஸ்ட் பாயை விட்டுவிட்டு அப்பாவின் நெஞ்சைத் தேர்ந்தெடுத்தார். அப்பா சாய்ந்து படுத்துக்கொண்டு, அவளைக் குப்புற நெஞ்சில் கிடத்தி, மெல்லிய குரலில் பேசுவார். நெஞ்சின் அதிர்வு வயிற்றில் தெரியும், குரல் மேலே இருந்து வரும். தலையைத் தூக்கினால் அப்பாவின் கன்னம் தட்டுப்படும். வேலை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு இது பொருந்தியது. மெல்லச் சாய்வைக் குறைத்து, பிறகு நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்துத் தரைக்குக் கொண்டு வந்தோம்.

ஒரு அட்டைப்பெட்டி

இந்த நிகழ்வில் எது மிக முக்கியமானது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் என்ற சிறப்புக் கல்வியாளர், பார்வையில்லாத குழந்தைகளுக்காக ‘சின்ன அறை’ என்று ஒன்றை வடிவமைத்தார். குழந்தை படுத்தோ உட்கார்ந்தோ இருக்கும் அளவில் மூன்று பக்கச் சுவரும் மேல்மூடியும். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் விதவிதமான பொருள்கள் குழந்தையின் கைக்குப் பட்டுக்கொண்டே இருக்கும்படி தொங்கும். அவற்றின் இடம் மாறாது. குழந்தை தட்டினால் ஆடும், சத்தம் வரும், கையை விட்டால் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். திறந்த அறையில் கைநழுவிய பொருள் இந்தக் குழந்தைக்கு இல்லாமலே போய்விடுகிறது. இங்கே அது போவதில்லை. ‘நான் விட்டது இன்னும் அங்கேதான் இருக்கிறது’ என்பதைக் கை தானாகவே கண்டுபிடிக்கிறது.

வீட்டில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி அப்படியொரு இடம் செய்தோம். மரக்கரண்டி, சாவிக்கொத்து, பல் துலக்கும் பிரஷ், சலசலக்கும் காகிதம், உலோகக் கிண்ணம், சின்ன ஸ்பாஞ்சு ஆகியவற்றைக் குட்டையான எலாஸ்டிக் நாடாக்களில் கட்டித் தொங்கவிட்டோம். கழுத்தில் சுற்றும் அளவுக்கு எந்த நாடாவும் நீளமாக இருக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விலைகொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கண்ணுக்குத்தான் அவை வேறு வேறு. கைக்கு எல்லாமே ஒரே வழவழப்பு, ஒரே சூடு, ஒரே எடை.

கடினமான விதி ஒன்று இருந்தது. அவள் பெட்டிக்குள் இருக்கும்போது பெரியவர்கள் பேசக் கூடாது, கையைப் பிடித்துத் தொட வைக்கக் கூடாது. குடும்பத்துக்கு இது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. “கண்ணு தெரியாத பிள்ளையை விட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களே” என்றார் பாட்டி. அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் இந்தக் குழந்தைக்கு அதுவரை எல்லாமே செய்து தரப்பட்டிருந்தது. பொருள்கள் எங்கிருந்தோ கைக்குள் வந்து, எங்கேயோ மறைந்தன. தான் ஒன்று செய்தால் ஒன்று நடக்கும் என்று அறிய அவளுக்கு வாய்ப்பே வரவில்லை. பேச்சுக் கொடுத்தால் அவள் செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்குவாள், கை நின்றுவிடும்.

முதலில் சில நாள்கள் சுருங்கிக் கிடந்தாள். பிறகு காலை உதைத்தபோது தற்செயலாகக் கை கிண்ணத்தில் பட்டது. டங் என்றது. உடம்பு நின்றது. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. அம்மா எழுந்து போகப் பார்த்தார், நான் சைகை காட்டி உட்காரச் சொன்னேன். மறுபடி உதைத்தாள், கை இந்த முறை படவில்லை. கையை மட்டும் கொஞ்சம் வீசினாள். காகிதம் சலசலத்தது. அது அவள் தேடியது இல்லை. கையை இன்னும் கீழே கொண்டுவந்து வீசினாள். டங். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள். பெட்டியின் சுவர்கள் அந்தக் குரலை அவளுக்கே திருப்பித் தந்தன. அதையும் கேட்டு நின்றாள்.

அடுத்த சில மாதங்களில் பெட்டிக்குள்ளேதான் இரண்டு கைகளும் சந்தித்தன. கரண்டியை ஒரு கையால் பிடித்து மற்றதால் தடவினாள். ஒன்றை இன்னொன்றின்மேல் தட்டினாள். சாவிக்கொத்து எங்கே தொங்குகிறது என்று தேடாமலே எடுத்தாள். பெட்டியில் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பொருள்களாக மாற்றிக்கொண்டே வந்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதில்லை.

11 மாதத்தை ஒட்டி, வெளியே பாயில் உட்கார்ந்திருந்தபோது, அம்மா மணியை எதிரே ஆட்டினார். குழந்தையின் கை நேராக நீண்டு மணியைப் பிடித்தது. அன்றுவரை அவர் எத்தனையோ தடவை ஆட்டிய மணிதான். அதற்கடுத்து மணியைக் கொஞ்சம் தள்ளி வைத்தபோது உடம்பைச் சாய்த்தாள், கையை ஊன்றினாள், சரிந்து விழுந்தாள், மறுபடியும் முயன்றாள். 14 மாதத்தில் தவழ்ந்தாள். கால்களைவிடக் கைதான் அவளை முதலில் வெளியே கொண்டு வந்தது.

கைகளை மதிப்பது

சோறூட்டும்போது அவள் கையைப் பிடித்துக் கரண்டியில் வைத்து வாய்க்குக் கொண்டுபோவது வீட்டின் வழக்கம். அவள் கையை உருவிக்கொள்வாள். அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதை மாற்றினார். பெரியவரின் கை கீழே, குழந்தையின் கை மேலே. நாம் கரண்டியைப் பிடித்து வேலை செய்வோம். அவள் கை நம் கையின்மேல் தொற்றிக்கொண்டு வரும். பிடிக்காதபோது எடுத்துக்கொள்ளலாம், ஆர்வம் வந்தால் விரலை முன்னே நகர்த்திக் கரண்டியைத் தொடலாம். மேலே கை வைத்து அழுத்தும்போது அவளுடைய கையைக் கட்டிப்போடுகிறோம். பார்வையுள்ள குழந்தையின் தலையைப் பிடித்து ‘இதைப் பார்’ என்று திருப்பினால் அது எதிர்க்காதா? இவளுக்குக் கைதான் பார்க்கிற உறுப்பு.

பிசுபிசுப்பானதையும் ரோமமாக இருப்பதையும் தொட்டால் நடுங்கினாள். பார்வையில்லாத குழந்தைகள் பலருக்கு இது உண்டு. முன்னறிவிப்பில்லாமல் படுவது என்பதால் அதிர்ச்சி கூடும். கட்டாயப்படுத்தவில்லை. காய்ந்த, கெட்டியான பொருள்களிலிருந்து தொடங்கி, எங்கள் கையின்மேல் அவள் கை சவாரி செய்யும்படி ஈரமானவற்றுக்கு மெல்லப் போனோம்.

இந்தக் காலத்தில் கண்ணை முஷ்டியால் அழுத்துவது தொடங்கியது. விழித்திரைக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் இது சாதாரணம். அழுத்தும்போது விழித்திரையில் மிச்சமிருப்பது தூண்டப்பட்டு ஒளிப்பொறி தோன்றலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் பழக்கம் என்று ஒதுக்குவதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். இந்த நோயில் பின்னாளில் கண் அழுத்தம் உயர்ந்து வலி வரக்கூடும். வலி இல்லை என்று உறுதியானதும், கையைத் தட்டிவிடுவதை நிறுத்தச் சொன்னோம். எப்போது அழுத்துகிறாள் என்று அம்மா சில நாள் குறித்துக்கொண்டார். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதும், களைத்திருக்கும்போதும். முதலாவதற்குக் கையில் பொருள், இரண்டாவதற்குத் தூக்கம். குறைந்தது, முற்றிலும் போகவில்லை.

இடது கண்ணின் வெளிச்ச உணர்வை ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. இருட்டிய அறையில் விளக்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது அவள் தலை அந்தப் பக்கம் போனது. அதனால் ஜன்னல் எப்போதும் அவளுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும்படி விளையாடும் இடத்தை வைத்தோம். பின்னாளில் நடக்கும்போது ஜன்னல் அவளுக்கு அடையாளமானது. பகலில் நல்ல வெளிச்சம், இரவில் இருட்டு என்ற ஒழுங்கு தூக்கத்துக்கும் உதவியது.

நடையும் வீடும்

20 மாதத்தில் தனியாக நடந்தாள். அதற்கு முன் பல வாரங்கள் எடை வைத்த தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனாள். வண்டி முதலில் சுவரில் மோதும், அவள் நிற்பாள். பின்னாளில் பிடிக்கப்போகும் வெள்ளைக் கோலுக்கு இது முன்பயிற்சி. வீட்டுக்குள் செருப்பில்லாமல் விட்டோம், பாதம் தரையைப் படிக்கும் என்பதால். அறைக்கு அறை வாசலில் வேறு வேறு மிதியடி. நாற்காலிகளை இடம் மாற்றுவதில்லை. கதவு முழுதாகத் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். பாதி திறந்த கதவின் விளிம்பில் நெற்றி இடிப்பதுதான் இந்தக் குழந்தைகளுக்கு வீட்டில் அடிக்கடி நேரும் காயம்.

இடையில் ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் இருந்தாள். திரும்பி வந்தபோது கைகள் மறுபடி தோளுக்கு ஏறியிருந்தன, யாரையும் தொடவிடவில்லை, பேச்சு நின்றிருந்தது. கடுமையான பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளில் சிலருக்கு இரண்டாம், மூன்றாம் வயதுகளில் பேச்சும் பழகும் தன்மையும் பின்வாங்குவதுண்டு என்பதால் எங்களுக்குக் கவலையாகவே இருந்தது. பழைய பொருள்கள், பழைய வரிசை, பழைய பெட்டி என்று தொடங்கிய இடத்துக்கே போனோம். மெல்ல மீண்டாள். ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி மீட்சி வரும் என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் பின்னடைவு தொடர்ந்திருந்தால் நரம்பியல் மதிப்பீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

பேச்சு

இரண்டு வயதில் அவளுக்குச் சொற்கள் நிறைய இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் வாய்நிறையப் பாராட்டினார்கள். ஆனால் தாகம் எடுத்தால் “தண்ணி வேணுமா?” என்பாள். தூக்கச் சொல்ல வேண்டுமென்றால் “உன்னைத் தூக்கட்டுமா?” என்பாள். தான் கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பித் தருகிறாள். யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், யார் கை யாரை நோக்கி நீள்கிறது என்று பார்க்க முடியாத குழந்தைக்கு, ‘நான்’, ‘நீ’ யார் என்று பிடிபடத் தாமதமாகும். இது மனநோய் அல்ல, ஒரு கட்டம்.

வீட்டில் கேள்வி கேட்பதைக் குறைக்கச் சொன்னோம். தண்ணீர்ப் பாத்திரத்தை அவள் கையில் படும்படி வைத்து, அவள் சொல்ல வேண்டியதை அவள் இடத்திலிருந்து சொல்வது: “எனக்குத் தண்ணி வேணும்.” அவளை மடியில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து சொன்னால் குரலும் அவள் பக்கத்திலிருந்தே வரும். அப்பா சொல்ல, அம்மா தண்ணீர் தருவார். இருவர் சேர்ந்தால் யார் கேட்கிறார், யார் தருகிறார் என்பது கையில் தெரியும். இரண்டரை வயதுக்குப் பிறகு “எனக்கு” வந்தது. களைத்திருக்கும்போது இன்றும் பழைய கேள்வி வடிவம் திரும்புகிறது.

சொல் இருப்பதாலேயே பொருள் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘மேசை’ என்று அழகாகச் சொல்வாள். அவளுக்கு மேசை என்பது விளிம்பு மட்டும்தான். மேலே ஏற்றி உட்கார வைத்து, கீழே தவழவிட்டு, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிய பிறகே அது முழுப் பொருளானது. தண்ணீர் அம்மாவின் கையிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தாள். குழாயைத் திறக்க வைத்து, பாத்திரம் நிறைவதைக் கையால் உணர வைத்தோம். விளையாட்டுச் சாமான்களை அவளே பெட்டியிலிருந்து எடுத்து, அவளே திருப்பி வைப்பாள். பாட்டி எடுத்துக் கொடுத்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் பொருள்கள் இருக்கும் இடம் ஒன்று உண்டு என்பது தெரியாமல் போகும்.

மூன்று வயதில்

படங்களைக் காட்டிக் கேட்கும் பொதுவான வளர்ச்சிச் சோதனைகள் இவளுக்குப் பொருந்தாது. பார்வையில்லாத குழந்தைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட ரெய்னெல்-ஜின்கின் அளவுகோல் போன்றவை உண்டு. அவற்றைப் பயன்படுத்தினாலும், நான் எண்ணைவிட அவளுடைய முந்தைய பதிவோடு ஒப்பிட்ட விவரத்தையே அறிக்கையில் முதலில் எழுதினேன். வீட்டுக்குள் தனியாக நடக்கிறாள். தன் சாமான்கள் இருக்கும் இடம் தெரியும். நான்கைந்து சொற்கள் கொண்ட வாக்கியங்களில் பேசுகிறாள். விரல்நுனியால் தடவி ஒத்த துணிகளைச் சேர்க்கிறாள். அவள் பெட்டியிலும் நாற்காலியிலும் அவள் பெயரைப் பிரெய்லில் ஒட்டியிருக்கிறோம். எழுத்து என்று ஒன்று இருப்பதைப் பார்வையுள்ள குழந்தை தெருவெங்கும் பார்க்கிறது. இவள் விரலில் தற்செயலாகப் படும்படி நாம்தான் வைக்க வேண்டும். பிரெய்ல் என்றதும் பெற்றோருக்கு மனம் கனத்தது. நம்பிக்கையைக் கைவிடுவதாகப் பட்டது அவர்களுக்கு. அந்த ஆறு புள்ளிகளை உருவாக்கிய லூயி பிரெய்லும் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர், பதின்ம வயதிலேயே அதை உருவாக்கினார் என்பதை அப்பா தானே தேடிப் படித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்.

சரியாகாதவையும் உண்டு. மென்று தின்னும் உணவை இன்னும் மறுக்கிறாள், கூழாக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிறர் மெல்லுவதைப் பார்க்காததும், வாய்க்குள் கட்டி வந்ததும் அதிர்ச்சியடைவதும் சேர்ந்த பிரச்சினை இது. இன்னும் முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை என்பது என் கருத்து. மற்றக் குழந்தைகளோடு விளையாடத் தெரியவில்லை. பெரியவர்கள் காத்திருப்பார்கள், குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள்.

முன்பள்ளி ஆசிரியருக்குக் கொடுத்த குறிப்பில் சிலவற்றை அழுத்தி எழுதியிருக்கிறேன். பேசும் முன் அவள் பெயரைச் சொல்லவும். கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் கையை அவள் கைக்குக் கீழே நீட்டவும். வகுப்பில் அவள் அசையாமல் இருந்தால் கவனிக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம், விரல்களைப் பார்க்கவும். கேள்வி கேட்டபின், பதில் சொல்லிக் கொடுக்காமல் மனசுக்குள் பத்து எண்ணவும். தினமும் ஒரே ஒரு குழந்தையை அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, இருவருக்கும் சேர்த்து ஒரே சாமானைக் கொடுக்கவும். உணவு மெல்லும் பயிற்சியை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பள்ளியிலேயே தொடர்கிறார். இடது கண்ணின் அழுத்தத்தைக் கண் மருத்துவர் தொடர்ந்து சோதித்து வருகிறார்.